வெண்ணிலா அக்காவின் செவ்வாய்க்கிழமை மீன்

வெண்ணிலா அக்கா மீன் வெட்டுவதைப் பார்த்தவர்கள் யாரும் மீனுக்காகப் பரிதாபப்பட்டதில்லை. வெட்டுப்பட்டது மீனுக்கே தெரிந்திருக்காது. அவ்வளவு வேகம்.

இரும்புலியூரில் எங்கள் காம்பவுண்டில் ஐந்து வீடுகள். நான்கில் எங்களைப் போல சர்ச்சுக்குப் போகிறவர்கள். கடைசி வீட்டில் வெண்ணிலா அக்கா, தனியாக. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஆளுக்கொரு கேரி பேக்கோடு அவள் வாசலில் நிற்போம். அவள் குழாயடியில் அருவாமனையைப் போட்டு, அதன் கட்டையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு உட்காருவாள். பதினைந்து நிமிஷத்தில் காம்பவுண்டு முழுவதற்கும் குழம்பு மீன், வறுவல் மீன் என்று தனித்தனியாக வந்துவிடும். கூலி வாங்க மாட்டாள். தலைகளை மட்டும் எடுத்துக்கொள்வாள்.

"தலய துண்றவளுக்குத்தான் மூள வளரும். நீ முள்ளு இல்லாத துண்டா பொறுக்கித் துண்ற. அதான் ரெண்டு தபா பெயிலு" என்று என்னைப் பார்த்துச் சொல்வாள்.

பெயிலானது உண்மைதான். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியும் கணக்கும். அப்புறம் வீட்டில்தான் இருந்தேன். அம்மா நர்சரி ஸ்கூல் டீச்சர். தபீதாள் டீச்சரின் மகள் பெயில் என்பது எங்கள் சர்ச்சில் எல்லோருக்கும் தெரியும், ஆண்டவர் உட்பட. வீட்டில் சும்மா இருப்பவளுக்கும் ஒரு பிழைப்பு வேண்டுமே, நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை தண்ணீர் லாரி வந்துவிட்டதென்று கத்தி, தெருவையே குடத்தோடு முனைக்கு ஓடவைத்தேன். எல்லோரும் திட்டினார்கள். வெண்ணிலா அக்கா மட்டும் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு செருப்பைக் கழற்றி எறிந்தாள். குறி தப்பவில்லை.

அவள் ஊர் கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். புருஷன் வடிவேலு படகில் போகிறவர். அவர் கரையை விட்டு வரமாட்டார், இவள் கரைக்குத் திரும்ப மாட்டாள். ஏன் என்று கேட்டால், "அவன் குட்சா பாடுவான், அத்த என்னால கேக்க முடியல" என்பாள். உண்மைக் காரணம் வேறாக இருக்கும். முதலில் கூடையில் மீன் விற்றாள். முழங்கால் வலி வந்ததும், என் அம்மா சர்ச்சில் வில்பிரட் அங்கிளிடம் சொல்லி ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்தாள்.

வில்பிரட் அங்கிள் பொழிச்சலூர்ப் பக்கம் ஒரு பீரோ பட்டறையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையில் அறிவிப்புகள் வாசிப்பதும் அவர்தான். பட்டறையில் பதினெட்டுப் பேர். வெட்டும் இயந்திரத்திலிருந்து வருகிற தகரத்தை இரண்டு பேராகப் பிடித்துத் தூக்கி அடுக்க வேண்டும், அதுதான் அக்காவின் வேலை. கையுறை இருந்தது. ஒரு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தது. பீரோ செய்கிற இடத்தில் பூட்டுக்கா பஞ்சம்? யாராவது பார்வையிட வந்தால் திறப்பார்கள். ஈ.எஸ்.ஐ. கார்டும் அதே மாதிரிதான். போடுகிறோம், போடுகிறோம் என்று ஒன்றரை வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. தகரத்தின் எதிர்முனையைப் பிடித்திருந்த வினிதா என்ற பெண் தும்மினாள். அவ்வளவுதான். அவள் பிடி நழுவியது. விட்டால் தகரம் வினிதாவின் காலில் விழும் என்று வெண்ணிலா அக்கா மட்டும் விடாமல் பிடித்தாள். தகரம் அவள் வலது உள்ளங்கை வழியாக வழுக்கிக்கொண்டு போனது.

அம்மாவின் போன் வகுப்பில் அணைந்திருந்ததால் வில்பிரட் அங்கிள் எனக்கு அடித்தார். பம்மலில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் வாசலில் காத்திருந்தார். சட்டையில் ரத்தம்.

"ஹெப்சி, கவனமா கேளு. கம்பெனின்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும். இவங்க தொடக்கூட மாட்டாங்க, வேற எங்கயாவது அனுப்பிடுவாங்க. அதுக்குள்ள ரத்தம் போயிடும். வீட்ல நடந்ததுன்னு சொல்லு. செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

"வீட்ல என்ன நடந்துச்சுன்னு சொல்ல, அங்கிள்?"

"நீதான் நல்லா சொல்லுவியேம்மா" என்றார்.

என் பொய்யைப் பெரியவர்கள் யாராவது பாராட்டுவது அதுதான் முதல் தடவை. உள்ளே போனேன். வெண்ணிலா அக்கா பெஞ்சில் சாய்ந்திருந்தாள். கையைச் சுற்றி இரண்டு துண்டுகள். நர்ஸ் பேனாவைத் திறந்தார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"மீன் வெட்டும்போது, சிஸ்டர். அருவாமனை."

"செவ்வாய்க்கிழமையா?"

"செவ்வாய்க்கிழமைதான் சிஸ்டர் மீன் சல்லிசு. பாதிப் பேர் வாங்க மாட்டாங்கல்ல? ரெண்டு கிலோ வஞ்சிரம். பூனை குறுக்க வந்துச்சு. அதை விரட்டும்போது கை வழுக்கிடுச்சு."

பூனை என் சொந்தச் சரக்கு. நர்ஸ் பூனையை எழுதவில்லை, மற்றதை எல்லாம் எழுதினார். அப்போது வெண்ணிலா அக்கா கண்ணைத் திறந்தாள்.

"யாரு? நானா? அருவாமனைலயா?"

"சும்மா இருக்கா."

"வஞ்சிரத்துக்கு கைய குட்துட்டேனாடி நானு?"

தோளில் கிள்ளினேன். வாயை மூடிக்கொண்டாள். ஆனால் முறைத்தாள். ரத்தம் சொட்டும்போதும் அவளுக்கு அதுதான் கவலை. நோயாளியுடன் வந்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். உறவுமுறை என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன். அதுவும் பொய்தான். அதை எழுதும்போது மட்டும் பொய் சொல்கிற மாதிரி இல்லை.

பதினோரு தையல். ஒரு வாரம் கழித்துக் கட்டு மாற்றும்போது பார்த்தால், கட்டைவிரலும் சுண்டுவிரலும் மடங்கின. நடுவில் இருந்த மூன்றும் நேராக நின்றன.

"பாஸ்டர் ஆசீர்வாதம் குடுக்குற மாதிரியே இருக்குக்கா" என்றேன்.

"இந்தா, உனக்கும் ஒண்ணு" என்று தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். நர்சிங் ஹோம் டாக்டர் நிமிராமல், "வீக்கம் வடிஞ்சா தானா மடங்கும்" என்றார்.

வீக்கம் வடிந்தது. விரல் மடங்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவளை ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ரேஷ்மா என்று ஒரு மேடம் இருந்தார். நல்லவர். எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"கார்டு இல்லன்னா பரவால்லம்மா. கார்டு போடாதது கம்பெனி தப்பு. வேலை செய்யிற எடத்துல அடிபட்டுச்சுன்னு தெரிஞ்சா ஆபரேஷன்லேர்ந்து சம்பளம் வரைக்கும் எல்லாம் கிடைக்கும். கம்பெனி விபத்து ரிப்போர்ட் குடுக்கணும். குடுக்கலன்னா நாங்க விசாரிப்போம். முதல்ல பாத்த ஆஸ்பத்திரி பேப்பர் இருக்கா?"

கொடுத்தேன். படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இதுல மீன் வெட்டும்போதுன்னு இருக்கே?"

நான் தரையைப் பார்த்தேன். வெண்ணிலா அக்கா, "அது சும்மா எழுத்னது மேடம். நம்பாதீங்க. நான் மீன்ல கைய வெட்டிக்க மாட்டேன்" என்றாள்.

ரேஷ்மா மேடம் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். "இது அப்புறம். முதல்ல நாளைக்கே பெரிய கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க. கைக்குன்னே தனி டாக்டர் இருக்காங்க, ஒத்தப் பைசா கேக்க மாட்டாங்க. உள்ள நரம்பு அறுந்திருந்தா நாளாக ஆக சுருங்கிடும். நாளைக்கே, என்ன?"

நாளைக்கு என்று பேசிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம். அன்று சாயங்காலம் வில்பிரட் அங்கிள் ஒரு டஜன் சாத்துக்குடியோடு வந்தார். நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் போய்விட்டார்.

"என்னவாம்க்கா?" என்றேன்.

"ஜெபம் பண்ணாரு" என்றாள் அக்கா. சாத்துக்குடியை எனக்கே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அவளுக்குத் தலைவலி. அதற்கடுத்த நாள் அமாவாசை. அப்புறம் ஞாயிறு. அப்புறம் மழை வரும்போல இருந்தது. அப்புறம், "கம்பினில கார்டு போட்டுகினு கீறாங்களாம், வந்ததும் போலாம்." ஊசிக்குப் பயம் என்று நினைத்தேன். காம்பவுண்டு கேட்கும்படி கிண்டல் செய்தேன். வாசலில் சாக்பீஸால் பெரிய ஊசி வரைந்து வைத்தேன். அவள் இடது கையால் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். செருப்பு எறியாத வெண்ணிலா அக்காவை அதுவரை நான் பார்த்ததில்லை.

மூன்று விரல்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக் கெட்டியாயின. அவளுக்கு நான்தான் தலை பின்னினேன். சோறு இடது கையில் ஸ்பூனால் சாப்பிட்டாள். மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். ஸ்பூனால் முள் எடுக்க முடியாது.

இருபத்தேழாம் நாள் காலை எனக்குப் பொறுமை போனது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்னேன்: "அக்கா, கோவளத்துலேர்ந்து போன். வடிவேலு மாமாவைப் பெரிய ஆஸ்பத்திரில சேத்துருக்காங்களாம்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும், பொய் என்று சொல்லிவிட வாய்வரை வந்தது. சொல்லவில்லை. புடவை மாற்றினாள். கொசுவம் நான் வைத்துவிட்டேன். தாம்பரத்தில் ரயிலேறியதிலிருந்து திட்டிக்கொண்டே வந்தாள்.

"குட்சிட்டு படகுல ஏறாதன்னு எத்தினி தபா சொல்லிகீறேன். கேட்டானா? பேஜார் புட்ச்ச ஆளு. சோறு துன்னானோ இன்னாவோ. ஆஸ்பத்திரில வெந்நி குடுப்பாங்களா பாப்பா?"

"குடுப்பாங்கக்கா."

சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பார்க் ஸ்டேஷன் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, கை சிகிச்சைப் பிரிவு வரிசையில் அவளை நிறுத்தினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். போர்டைப் படித்தாள். முன்னால் நின்றவர்களின் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அவன் நல்லாகீறானா?"

"எனக்கென்னக்கா தெரியும்? நல்லாத்தான் இருப்பார்."

"அப்ப சரி" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இளம் டாக்டர் ஒருவர், பெண், அந்த மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு மடக்கச் சொன்னார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். தோள் அசைந்தது, முழங்கை அசைந்தது, விரல் அசையவில்லை.

"எத்தனை நாள் ஆச்சு?"

"இருபத்தேழு" என்றேன்.

டாக்டர் கையைக் கீழே வைத்தார். "தோலை மட்டும் தைச்சிருக்காங்க. உள்ள விரலை இழுக்கிற தசைநார் மூணும் அறுந்துருக்கு. முதல் ரெண்டு வாரத்துல வந்திருந்தா ரெண்டு முனையையும் சேர்த்து தைச்சிருப்போம். இப்ப முனை சுருங்கி உள்ள போயிடுச்சு. இனிமே ரெண்டு ஆபரேஷன் பண்ணணும், நடுவுல மாசக்கணக்குல இடைவெளி. அப்பவும் பழைய மாதிரி வரும்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் மடங்கலாம், மடங்காமலும் போகலாம்." பிறகு அக்காவிடம் குனிந்து, "ஏம்மா இவ்ளோ நாள் வரல?" என்றார்.

அக்கா மின்விசிறியைப் பார்த்தாள்.

"எப்படி ஆச்சு?"

"பீரோ பட்டறைல, தகரம் அறுத்துச்சு டாக்டர்" என்று சொன்னேன். "அந்தப் பேப்பர்ல இருக்கிற மீன் பொய். நான்தான் சொன்னேன்."

வேலை செய்யும் இடத்தில் பட்ட காயம் என்பதால் அங்கேயே இருந்த போலீஸ்காரரிடம் பதிவு செய்துவிட்டு வரச் சொன்னார்கள். போகிற வழியில் வெண்ணிலா அக்கா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள். போலீஸ்காரர் மேஜையில் டீ இருந்தது. பெயர், ஊர், எங்கே, எப்போது என்று கேட்டு எழுதினார். நான் பொய் சொன்னதையும் சொன்னேன். "சரி, சரி" என்று அதையும் எழுதினார். போன் நம்பர் வாங்கிக்கொண்டு டீயை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிஷம்.

"அவ்ளோதானா?" என்றாள் அக்கா.

"அவ்ளோதாம்மா. போங்க" என்றார் அவர்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கிண்டி தாண்டியது. அக்கா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வில்பிரட் சாரு அன்னிக்கி ஜெபம் பண்ல."

"பின்ன?"

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கி போனா போலீஸு எழுதும். பட்டறன்னு சொன்னா, அப்ப மீனுன்னு பொய் சொல்லி கையெழுத்து போட்டது யாருன்னு கேக்கும். அந்தப் பொண்ணத்தான் மொதல்ல இட்டுகினு போவாங்கன்னாரு. பொம்பளப் புள்ள, பரிச்ச வேற எழ்தணும், நீயே ரோசன பண்ணிக்கன்னாரு."

"என்னை ஏன்க்கா கேக்கல? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லிருப்பேன்ல?"

"சொல்லுவ. நீ சொல்றதுல எது நெசம், எது பொய்யின்னு நான் எத்த வச்சி கண்டுபுடிக்கிறது?"

அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த மூன்று விரல்களும் அவள் மடியில் மல்லாந்து கிடந்தன. மீனம்பாக்கத்தில் ஏறிய ஒரு பாட்டுக்காரர் தட்டை நீட்டினார். அவள் வலது கையால் காசு எடுக்கப் போய், நிறுத்தி, இடது கைக்கு மாறினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதற்கு மேல் அந்த ரயில் பயணத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை.

வீட்டுக்கு வந்து ஈ.எஸ்.ஐ.க்கு மனு எழுதினேன். என் வாழ்க்கையிலேயே பொய்யில்லாமல் நான் எழுதிய முதல் கடிதம் அதுதான். லீவ் லெட்டர் எல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்பது டீச்சர்களுக்குத் தெரியும். தும்மல், கையுறை, பூட்டு, நர்சிங் ஹோம் வாசலில் பேசியது, சாத்துக்குடி, எல்லாவற்றையும் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள்.

"உன் பேர எடுத்துடு."

"எடுக்க முடியாதுக்கா. அதுதான் சாட்சி."

கையெழுத்துப் போட அவள் பட்டறையில் சேர்ந்தபோது என்னிடம்தான் கற்றுக்கொண்டாள். வெ-வுக்குக் கொம்பை எப்போதும் பெரிதாகப் போடுவாள். பேனாவைச் சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்துப் பார்த்தாள். சுட்டுவிரல் ஒத்துழைக்கவில்லை. பேனா உருண்டு போனது. மூன்றாவது தடவை உருண்டதும், அம்மாவின் ஸ்டாம்ப் பேடை எடுத்து வந்தேன். இடது கட்டைவிரலை அழுத்தினாள். ரேகை தெளிவாக விழுந்தது.

ரேஷ்மா மேடம் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதையும் நீதான் சொல்ற. அதையும் நீதான் சொல்லியிருக்க. ரெண்டும் நம்புற மாதிரிதாம்மா இருக்கு" என்றார். விசாரணைக்கு ஆள் அனுப்பினார். வந்தவர் பட்டறைக்குப் போனார். அன்றைக்கு அங்கே ஏழு பேர்தான் வேலையில் இருந்தார்களாம். பதினெட்டில் மீதிப் பேர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஏழு பேரின் கையிலும் கையுறை. வினிதா, அந்தத் தும்மல்காரி, "வெண்ணிலாவா? யாரு சார் அது?" என்று கேட்டாளாம். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவளை நான் திட்டப்போவதில்லை. திட்டிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. எங்கள் காம்பவுண்டுக்கும் அவர் வந்தார். "இந்தம்மா மீன் வெட்டுமா?" என்று பொதுவாகக் கேட்டார். பக்கத்து வீட்டு டெபோரா ஆன்ட்டி பெருமையாக, "இவங்கள மாதிரி யாராலயும் வெட்ட முடியாது சார், வாரா வாரம் எங்களுக்கே இவங்கதான்" என்று சொல்லிவிட்டார். அவர் அதைக் குறித்துக்கொண்டு போனார்.

கோப்பு இன்னும் மூடவில்லை, நடக்கிறது என்கிறார் ரேஷ்மா மேடம். ஐந்து மாதம் ஆகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் முதல் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை விரல்களைப் பிடித்து மடக்கிப் பழக்க ஒரு மஞ்சள் பந்து கொடுத்தார்கள். வில்பிரட் அங்கிள் இப்போதும் அறிவிப்புகள் வாசிக்கிறார். போன மாதம் நோயுற்றோருக்கான ஜெபப் பட்டியலில், "நமது தபீதாள் டீச்சரின் அண்டை வீட்டு சகோதரி வெண்ணிலா" என்று வாசித்தார். சபை முழுக்கக் கண்ணை மூடியது. நான் மூடவில்லை. அவரும் மூடவில்லை. முதலில் தலை குனிந்தது அவர்தான். அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் மார்க்கெட்டிலேயே மீனை வெட்டி வாங்கி வருகிறார்கள். வெண்ணிலா அக்கா வாசலில் பந்தோடு உட்கார்ந்திருப்பாள். அவளைத் தாண்டும்போது கேரி பேக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள்.

"இன்னா மீனு ஆன்ட்டி?" என்று அவள் கேட்பாள்.

"மீன் இல்லம்மா, கோழி" என்பார் டெபோரா ஆன்ட்டி.

என் அம்மாகூடக் கோழி என்று சொல்கிறாள், பொய்யே பேசாத என் அம்மா. போன வாரம் நான் கொண்டுவந்த பையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீ இன்னாடி, நீயும் கோழியா?"

"சங்கரா" என்றேன்.

"காட்டு."

பையைத் திறந்து காட்டினேன். ஒரு துண்டை இடது கையில் எடுத்து, வெட்டிய பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் கிழிந்திருந்தது.

"எவன்டி இத்த வெட்னது? கைய வச்சிகினு இன்னா செஞ்சான்?"

துண்டைப் பையில் போட்டாள். வலது கையிலிருந்து பந்து நழுவிக் குழாயடிக்கு உருண்டது. நான் எடுத்து வந்து அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தேன். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தேன்.